நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குரல்

இரண்டு தேவாலயப் பங்குகளின் மக்களையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்து, ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் பார்த்துக்கொள்ளும் அருஞ்செயலைச் செய்துவரும் அவைத்தலைவர் திருமதி கன்செப்டா டைரல் அவர்களே! முப்பது ஆண்டுகள் விசில் ஊதி, முப்பது ஆண்டுகளும் எங்களிடம் வசவு வாங்கி, இன்றும் எங்கள் முகத்தில் விழிக்கும் நெஞ்சுரம் படைத்த முன்னாள் நடுவர் மாலக்கி கில்ஹூலி அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே! காலையிலிருந்து ரொட்டியில் வெண்ணெய் தடவித் தடவிக் கை ஓய்ந்துபோன தாய்மார்களே! என் வலப்பக்கம் பச்சைச் சட்டையில் அமர்ந்திருக்கும் என் கில்கிரீவன் சொந்தங்களே! இடப்பக்கம், நடுவில் ஒரு மாடு போகும் அளவுக்கு இடைவெளி விட்டு, மஞ்சள் சட்டையில் அமர்ந்திருக்கும் டிரம்லாரா… உங்களை என்னவென்று அழைப்பேன்? ஐம்பது ஆண்டுகளாக வாய்க்கு வந்தபடி அழைத்துவிட்டேன். இன்று ஒரு மாலை மட்டும், டிரம்லாராப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் அட்ராக்டா முல்வியின் அன்பான வணக்கம்.

யாரது இடப்பக்கம், மூன்றாவது வரிசையில்? "நீ பேசி முடிக்கறதுக்குள்ள ஃபைனலே முடிஞ்சிடும் அட்ராக்டா!" என்கிறார். ஐயா, போன தடவை உங்கள் ஃபைனல் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டதே! அதைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிறீர்கள். பச்சையும் சிரிக்கிறது, மஞ்சளும் சிரிக்கிறது. சிரியுங்கள். இந்தச் சிரிப்புக்காக எத்தனை ஆண்டுகள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். இரண்டு பங்கும் மோதப்போகிறோம். ஆனால் மூன்று வாரங்களுக்கு முன்னால், அதே மைதானத்தில், அதே புல்லில் நடந்ததை மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போக முடியுமா? எங்கள் பக்கத்திலிருந்து, ஆம், மறைக்கவில்லை, பச்சைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. டிரம்லாராவின் கோல்கீப்பர் ஃபியக்ரா கன்னீலியைப் பார்த்து எழுந்தது. சென்ற குளிர்காலத்தில் அவன் தங்கையை அடக்கம் செய்தோமே, இரண்டு பங்கும் சேர்ந்து நின்று மண் போட்டோமே, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி எழுந்தது. என்ன வார்த்தை என்று நான் திருப்பிச் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னதே இந்த மாவட்டத்துக்குப் போதும். ஃபியக்ரா கையுறைகளைக் கழற்றினான். கோல் கம்பத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். நடந்து போய்விட்டான். அன்றிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை.

"யார் கத்துனது? பேரைச் சொல்லு!" என்கிறீர்கள். சரி. பெயர் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் பெயர் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்னால் இதே குற்றத்தைச் செய்த ஒருத்தியின் பெயரைச் சொல்கிறேன். அவள் பெயர் அட்ராக்டா முல்வி.

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கிறது. இளையவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. என் மீதுள்ள மரியாதையால் சொல்லாமல் விட்டார்கள். அந்த மரியாதையை இன்று நானே கழற்றி வைக்கிறேன்.

இமெல்டா ஹெஷன். அந்தப் பெயரைக் கேட்டவுடன் மஞ்சள் பக்கம் முதுகு நிமிர்வதைப் பார்க்கிறேன். நிமிரட்டும்! டிரம்லாரா பெற்றெடுத்த வாய்களிலேயே பெரிய வாய் அவளுடைய வாய். பந்து மையத்திலிருந்து எழும்புவதற்கு முன்பே அவள் குரல் எழும்பும். கூட்டம் நின்று பார்க்கும் மேட்டின் நடுவில், மைதானத்தின் நடுக்கோடு வந்து முடியும் இடத்தில், அந்தப் பக்கம் அவள் நிற்பாள். இந்தப் பக்கம் நான் நிற்பேன். இருவருக்கும் இடையே ஆறடி. அந்த ஆறடியில் பதினான்கு ஆண்டுகள் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க, பந்தாட்டமே தெரியாதவர்களும் வந்தார்கள்.

எங்கள் அணியில், கோலுக்கு முன்னால் தடுப்பு நிற்கும் ஃபுல்பேக் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் மனைவி இங்கே இருக்கிறார். கொஞ்சம் நிதானமான மனிதர். இமெல்டா கத்துவாள்:

"ஏண்டி அட்ராக்டா, உங்க ஃபுல்பேக் ஆளா, வேலிக்கம்பமா? எங்க மாடு வந்து உரசிட்டு நிக்குது பாரு!"

நான் விடுவேனா?

"உங்க மாட்டையே இறக்கி விடு இமெல்டா! உங்க பசங்கள விட அது நல்லா ஓடும்!"

"ஓடறது எதுக்கு? உங்க கோல்கீப்பர் கதவைத் திறந்து வச்சு, உள்ள வாங்கன்னுல்ல கூப்பிடறாரு!"

மாலக்கி அவர்களே, நீங்கள் அன்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊத முடியாமல் சிரித்தீர்கள். நினைவிருக்கிறதா? தலையாட்டுகிறார். அதனால் எங்களுக்கு வரவேண்டிய ஒரு ஃப்ரீ கிக் போயிற்று. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிப் பேசிக்கொண்டோமே, நாங்கள் பகைவர்களா? இல்லை. நண்பர்களா? அதுவும் இல்லை. மைதானத்துக்கு வெளியே நான் தபால்காரி. அவள் என் சுற்றில் இருக்கும் நாற்பத்திரண்டாவது வீடு. இரண்டு பங்குக்கும் நான்தான் கடிதம் கொண்டு போனேன். காலை பத்தரை மணிக்கு என் பச்சை வேன் அவள் சந்துக்குள் நுழையும். கதவு திறந்தே இருக்கும். உள்ளே போய்ச் சமையலறை மேசைமேல் கடிதங்களை வைப்பேன். அவள் கையில் மாவோடு திரும்பிப் பார்ப்பாள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை. கன்றுக்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடமாட்டோம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே! சேர்த்து வைப்போம். வாரம் முழுவதும் நான் வேன் ஓட்டிக்கொண்டே கேலிகளைச் சேர்த்து வைப்பேன். அவள் பால் கறந்துகொண்டே சேர்த்து வைப்பாள். ஒருத்தி தன்னை நினைத்துக்கொண்டே ஆறு நாள் வேலை செய்கிறாள் என்பது எவ்வளவு பெரிய பேறு! அன்று அது எனக்குத் தெரியவில்லை. எவளுக்குத் தெரியும், இருக்கும்போது?

இமெல்டாவின் கணவர் டோனல், கட்டட வேலைக்கு லண்டன் போனார். நம் ஊரில் போகாதவர் யார்? முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை. பிறகு ஒன்றுமில்லை. அது யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. ஊருக்கு அவள், "அவருக்கு வேலை ஜாஸ்தி, லெட்டர் மட்டும் தவறாம போடுவாரு" என்று சொல்லிவந்தாள். பதினோரு மாதங்கள், ஒவ்வொரு காலையும், மாவுக்கையோடு என் பையைப் பார்ப்பாள்.

"ஏதாச்சும் இருக்கா?"

"இன்னிக்கு இல்ல இமெல்டா. நாளைக்கு வரும்."

நாளைக்கு வரும். நாளைக்கு வரும். பதினோரு மாதங்கள் நான் அதைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் மனமாரத்தான் சொன்னேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட். காலிறுதி ஆட்டம். மேட்டில் கால் வைக்க இடமில்லை. மழை பெய்து நின்றிருந்தது. கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சமம். டிரம்லாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக், நாற்பது மீட்டர் தொலைவில். பந்தை வைத்தவன் ரூரி ஹெஷன். இமெல்டாவின் மகன். பத்தொன்பது வயது. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், தலையெல்லாம் நரைத்து. இந்தக் கதையைச் சொல்ல நேற்று அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க அட்ராக்டா. ஆனா அன்னிக்கு ஜெயிச்சது நாங்கதான்னு சேர்த்துச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன் ரூரி. வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பந்தை வைத்தார். கையைக் காலுறையில் துடைத்தார். ஐந்து அடி பின்னால் வந்தார். இந்த ஒரு புள்ளி போனால் எங்கள் ஆண்டே போயிற்று. ஏதாவது கத்தவேண்டும், எதையாவது கத்தி அந்தக் காலைத் தடுமாற வைக்கவேண்டும். வாரம் முழுவதும் சேர்த்து வைத்ததெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. தேடினேன். என் பைக்குள் கைவிட்டுத் தேடினேன் என்றுதான் சொல்லவேண்டும். கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்தேன்.

"டேய் ரூரி! இதுவும் லண்டன்ல இருந்து உங்கப்பன் போடற லெட்டர் மாதிரிதான்டா! வந்து சேரவே சேராது!"

சிரித்தார்கள். ஒரு மூன்று விநாடி பச்சைப் பக்கம் முழுவதும் சிரித்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. ஏன் நின்றது? ஊரில் எவளோ ஒருத்தி சொன்னால் அது வம்பு. தபால்காரி சொன்னால் அது சாட்சி! அந்த வீட்டுக்குக் கடிதம் வருவதில்லை என்பது அந்த விநாடியில் இரண்டு பங்குக்கும் தெரிந்துபோயிற்று. யார் வாயிலிருந்து? யாரை நம்பி அவள் தினமும் கதவைத் திறந்து வைத்தாளோ, அவள் வாயிலிருந்து.

ரூரி என்னைப் பார்க்கவில்லை. தன் தாயைப் பார்த்தார். பிறகு ஓடிவந்து அடித்தார். கம்பத்துக்கு மேலே போனாலே நம் ஆட்டத்தில் ஒரு புள்ளி; பந்து உயர்ந்தது, மேலே நேராகப் போயிற்று. கம்பத்தடியில் நின்ற வெள்ளைக் கோட்டுத் துணைநடுவர், புள்ளி என்று வெள்ளைக் கொடியை உயர்த்தினார். டிரம்லாரா வென்றது. ஆனால் மஞ்சள் பக்கத்தில் ஒரு குரல் எழும்பவில்லை. ஒரு தொப்பி பறக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே ஒருத்தியைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். காத்திருந்தேன். திட்டு, இமெல்டா! கல்லை எடுத்து எறி! பதினான்கு ஆண்டுகளில் நீ எனக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லையே! இதற்கும் ஒன்று சொல்லேன்!

அவள் குனிந்து பிளாஸ்கை எடுத்தாள். பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரைப் புல்லில் கொட்டினாள். மூடியைத் திருகினாள். மேட்டிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டிப் போனாள். அவளுக்கு வழிவிடத் தானாகவே கூட்டம் விலகியது. ஆறடி தூரத்தில் நின்றவள் அறுநூறு அடி போய்விட்டாள், அங்கிருந்து மறைந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. என் வேன் அவள் சந்து முனைக்குப் போயிற்று. சாலையோரக் கேட்டில் ஒரு மரப்பெட்டி. புது மரம், ஆணியின் தலைகூட இன்னும் மின்னியது. தபால் பெட்டி! ஞாயிறு மாலையே அடித்திருக்கிறாள். இனி நீ உள்ளே வரவேண்டாம் என்பதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை தேவைப்படவில்லை. நாலு பலகை போதுமாயிருந்தது.

அந்தப் பெட்டியில் மூன்று ஆண்டுகள் கடிதம் போட்டேன், பெருமக்களே! மின்சாரக் கட்டணம், விதைக் கடை விலைப்பட்டியல், திருப்பலி அழைப்பு. போட்டுவிட்டு, சந்துக்குள் தெரியும் அவள் வீட்டுக் கதவைப் பார்ப்பேன். நூற்றுப் பத்து அடி. அந்த நூற்றுப் பத்து அடியை நடந்து போய் மன்னிப்புக் கேட்க எனக்குக் கால் இருந்ததா? இருந்தது. தினமும் எத்தனையோ வாசல் ஏறி இறங்கும் கால். நாக்கு இருந்ததா? இரண்டு பங்குக்கும் கேட்கும் நாக்கு! எது இல்லை? அதைத்தான் இன்று இந்த மண்டபத்தில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுக்குப் போனேன். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ நின்றார்கள். நல்லவர்கள்தான். நான் ஒன்று கத்தினால் முறைத்தார்கள், அல்லது நடுவரிடம் புகார் சொன்னார்கள். திருப்பிக் கத்த ஆளில்லை. கத்திவிட்டுத் தானே அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலம் என்று அப்போதுதான் புரிந்தது. வாயை மூடினேன். "அட்ராக்டா திருந்திட்டா" என்று பங்குத்தந்தை மகிழ்ந்தார். திருந்தவில்லை சாமி! ஏங்கினேன்.

அப்புறம் ஒரு நாள், மைதானத்துக்கு மேலே போகும் சாலையில், பிளாக்பெரி முள்வேலிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்பதைக் கவனித்தேன். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மைதானம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அது இமெல்டாவின் கார்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்திருக்கிறாள்! மகன் ஆடுகிறானே, வராமல் இருப்பாளா? ஆனால் உள்ளே வரவில்லை. கூட்டம் எழுப்பும் சத்தத்தை வைத்தே, யார் புள்ளி எடுத்தார்கள், யார் தவறவிட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, காருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என் ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணை மேட்டிலிருந்து சாலைக்குத் துரத்தியிருந்தது.

அன்றிலிருந்து மீண்டும் கத்தத் தொடங்கினேன். ஆட்டக்காரர்களைப் பார்த்து அல்ல. சாலையைப் பார்த்து! "இந்த டிரம்லாராப் பசங்களுக்குப் பந்து வட்டம்னு யாராச்சும் சொன்னீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு பதில் வராதா? அந்த நாலு விரல் இடைவெளியிலிருந்து ஒரே ஒரு வசவு வராதா? ஊர் என்னைப் பைத்தியம் என்றது. சொல்லட்டும். கார் பேசவில்லை.

தொண்ணூற்று ஆறு, அக்டோபர். காலையில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீல உறை. இங்கிலாந்து அஞ்சல்தலை. சாய்ந்த கையெழுத்து, பார்த்த நொடியில் அடையாளம் தெரிந்தது. டோனலின் கை.

சந்து முனையில் வேனை நிறுத்தினேன். பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே மழைத்தண்ணீர் கசிந்து அடியில் ஈரம். இந்தக் கடிதத்தை இதற்குள் போடுவதா? மூடியை இறக்கினேன். நடந்தேன். நூற்றுப் பத்து அடி. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

திறந்தாள். மெலிந்திருந்தாள்.

"பெட்டி கீழ இருக்கு."

"தெரியும். இது பெட்டில போடற லெட்டர் இல்ல."

உறையைப் பார்த்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தாள், இரண்டு தடவை துடைத்தாள். வாங்கினாள். பிரிக்கவில்லை.

"இமெல்டா, அன்னிக்கு நான்…"

"நீ கத்துனது எனக்கு வலிக்கல அட்ராக்டா. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஊருக்குத் தெரியப்போறதுதான். ஆனா தினம் காலைல வந்து நின்னு, 'நாளைக்கு வரும்'னு சொன்னியே. அப்போ உன் முகம் ஒரு மாதிரி இருக்கும். அந்த முகத்தைப் பாத்துத்தான் நான் அன்னன்னிக்கு அடுப்பு பத்த வச்சேன். அது பொய்யா? உள்ளுக்குள்ள சிரிச்சுட்டா நின்ன?"

பெருமக்களே, என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இனி யாரும் கேட்கப்போவதுமில்லை. அன்று நான் எறிந்த கல் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் உடைக்கவில்லை. அதற்கு முன்னால் போன பதினோரு மாதக் காலைகளையும் சேர்த்து உடைத்திருந்தது. அன்பாக நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் திரும்பப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக!

"அது நிஜம் இமெல்டா. சத்தியமா அது நிஜம். மேட்டுல கத்துனதுதான்…"

"ரெண்டும் ஒரே வாய்தானே?"

"ஆமா" என்றேன். "ஒரே வாய்தான். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவள் உள்ளே போய்க் கடிதத்தை மேசைமேல், பழைய இடத்தில் வைத்தாள். "டீ போடறேன், உக்காரு" என்றாள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. டோனல் திரும்பி வரவில்லை. அது மட்டும் ஊரறிந்தது. அடுத்த வாரம் போனபோது கேட்டில் பெட்டி இல்லை. ஆணி அடித்த நாலு ஓட்டைகள் இருந்தன.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்று கைதட்டப் பார்க்கிறீர்கள். கையை இறக்குங்கள் தாய்மார்களே. முடியவில்லை.

இமெல்டா என்னை மன்னித்தாள். முழுமனதோடு மன்னித்தாள். என் தாய் இறந்தபோது மூன்று நாள் என் வீட்டில் பாத்திரம் கழுவினாள். எனக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்தாள். அவ்வளவு மரியாதை! அவ்வளவு பணிவு! "எப்படி இருக்க அட்ராக்டா?" "நல்லா இருக்கேன் இமெல்டா." இருபத்தாறு ஆண்டுகள், பெருமக்களே! இருபத்தாறு ஆண்டுகள் அவள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அந்த மரியாதையின் குளிரை அனுபவித்தவர் இந்த அவையில் எத்தனை பேர்? என்னை ஒரு தடவைகூட அவள் கேலி செய்யவில்லை. என் தொப்பியை, என் நடையை, என் பாழாய்ப்போன கில்கிரீவனை, எதையுமே! கேலி செய்யும் அளவுக்கு என்னை நம்ப அவளால் முடியவில்லை.

"மேட்டுக்கு வாயேன் இமெல்டா" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்.

"கார்லயே நல்லா கேக்குது" என்பாள்.

நான் எதற்கு ஏங்கினேன்? வெற்றிக்கா? எங்களுக்கு மூன்று கோப்பை கிடைத்தது. மன்னிப்புக்கா? அதுவும் கிடைத்தது. நான் ஏங்கியது ஒரு வசவுக்கு! நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னை நோக்கி, என்னை மட்டுமே நோக்கி வரும் ஒரு குரலுக்கு!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதம். இமெல்டா முதியோர் இல்லத்தில் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்கப் போனேன். பேச்சு குறைந்துவிட்டது, கண்ணை மூடியே இருந்தாள். ஜன்னலோரம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நம் இரண்டு அணிகளுக்கும் லீக் ஆட்டம். எங்கள் ஃபார்வர்டு கோல் வாசலில் தனியாக நிற்கிறான், கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார், தள்ளினால் போதும். வெளியே அடித்துவிட்டான். வர்ணனையாளரே பெருமூச்சு விட்டார். நான் தலையில் கை வைத்தேன்.

கட்டிலிலிருந்து ஒரு குரல். மெல்லிய குரல். கண் திறக்கவில்லை.

"அவனுக்குக் கோல் பத்தலையாமாடி? எங்க கொட்டாய்க் கதவைக் கழட்டித் தரேன், அகலமா கட்டிக்குங்க."

நான் கேட்டது நிஜமா? குனிந்தேன். உதட்டோரத்தில் அந்தப் பழைய கோணல். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, இமெல்டா ஹெஷன் என்னை நோக்கிக் கத்துகிறாள்! மூச்சளவுக் குரலில் கத்துகிறாள்!

இரண்டு பங்கையும் ஆட்டிப் படைத்த இந்த நாக்குக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

"என்னடி, பதிலக் காணோம்? கிழவியாயிட்ட" என்றாள். தூங்கிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில், பாலத்து வளைவில், எனக்குப் பதில் தோன்றியது. அப்படிப்பட்ட பதில்! வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அடுத்த ஞாயிறு சொல்லவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். திங்கள் முழுவதும் சொல்லிப் பார்த்தேன். செவ்வாயன்று ஒரு சொல்லை மாற்றினேன். வியாழக்கிழமை காலை ரூரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. "சொல்லு! சொல்லு!" என்கிறீர்கள். மாட்டேன். அது இந்த மண்டபத்துக்கு உரியதல்ல. அதைக் கேட்டு, என்னைத் திருப்பி அடிக்க உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

அவையோரே! ஞாயிறன்று கத்தாதீர்கள் என்று சொல்லவா நான் வந்தேன்? கத்துங்கள்! தொண்டை கிழியக் கத்துங்கள்! மேடு அதிரக் கத்துங்கள்! வாய் மூடி ஆட்டம் பார்க்கவா ஏழு மைல் நனைந்து போகிறோம்? அவன் கால் கோணல் என்று கத்துங்கள். அவன் ஓட்டம் ஆமை என்று கத்துங்கள். நடுவருக்குக் கண்ணில்லை என்று கத்துங்கள், மாலக்கி மன்னிப்பார். ஆனால் ஒன்றே ஒன்று. வாயைத் திறப்பதற்கு முன் ஒன்றே ஒன்று. எதிரே நிற்பவர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடியுமா? முடியுமென்றால் எறியுங்கள். முடியாதென்றால் விழுங்குங்கள்! அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பதை எடுத்து எறியாதீர்கள்! அவர் புதைத்ததைத் தோண்டி எறியாதீர்கள்! பதிலே இல்லாத வார்த்தையைச் சொன்னவளுக்குக் கிடைப்பது வெற்றியல்ல. அந்தப் பக்கத்தில் ஓர் அமைதி கிடைக்கும். அதைக் கேட்டுக்கொண்டே முதுமை வரை நடக்கவேண்டும். நான் நடந்திருக்கிறேன்.

யார் அங்கே எழுந்திருப்பது? வலப்பக்கம், கடைசி வரிசை. உட்காருங்கள் என்று அவரைப் பார்த்து யாரும் கத்தவேண்டாம். வழிவிடுங்கள். முழங்காலை மடக்குங்கள், அவர் போகட்டும். நாற்பது வயது தாண்டிய மனிதர். எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். "என்ன, கோவிச்சுட்டுப் போறாரா?" என்கிறார் முன்னால் இருப்பவர். தெரியவில்லை. பொறுங்கள். இந்த மேடையிலிருந்து ஜன்னல் வழியாகச் சாலை தெரிகிறது. நல்ல வெளிச்சம் இருக்கிறது. காரைத் திறக்கிறார். உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கிளப்பவில்லை. எனக்குத் தெரியும், அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

கிளப்பிவிட்டார். வலப்பக்கம் திரும்பினால் கில்கிரீவன், அவர் வீடு. இடப்பக்கம் திரும்பினால் டிரம்லாரா, கன்னீலி வீடு.

இடப்பக்கம் திரும்பிவிட்டார்.

கைதட்டவேண்டாம். தயவுசெய்து யாரும் கைதட்டவேண்டாம். அங்கே கதவு திறக்குமோ திறக்காதோ, அது அந்த வீட்டின் உரிமை. ஃபியக்ரா ஞாயிறன்று கையுறை மாட்டுவானோ மாட்டமாட்டானோ, அது அவன் உரிமை. ஆனால் ஒன்று சொல்வேன். அந்தச் சந்தில் நடக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயிற்று. அவருக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. என்னைவிட நல்ல மனிதர்.

இவ்வளவு நேரம் பேச விட்ட அவைத்தலைவர் அவர்களுக்கும், தாயின் பெயரை என் வாயில் நம்பிக் கொடுத்த ரூரி ஹெஷன் அவர்களுக்கும், குறுக்கே பேசி என்னை உயிரோடு வைத்த மூன்றாவது வரிசை மஞ்சள் சட்டைக்காரருக்கும், உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். ஞாயிறு மேட்டில் பார்ப்போம், நன்றாகத் திட்டிக்கொள்வோம். வணக்கம்.